சூரிய உச்சத்தில் ஹைட்ரஜன் குறைகிறது, அதன் ஒளி ஏன் கூடுகிறது?

கேள்வி இது: சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் புவியின் மேல் வளிமண்டலத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் குறைந்துவிடுகின்றன என்று படிக்கிறோம். அதே ஆண்டுகளில் அந்த ஹைட்ரஜன் உமிழும் ஒளி கூடுகிறது என்றும் படிக்கிறோம். இரண்டில் எது சரி?

இரண்டுமே சரி. ஒளியின் அளவையும் அணுக்களின் எண்ணிக்கையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் இவை முரண்போலத் தெரிகின்றன. நம் கண்ணுக்கோ கருவிக்கோ வந்து சேரும் ஒளி இரண்டு காரணிகளின் பெருக்கல். ஒன்று, பார்வைக் கோட்டில் எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன என்பது. மற்றொன்று, ஒவ்வோர் அணுவும் ஒரு நொடியில் எத்தனை முறை சூரிய ஒளியால் தூண்டப்படுகிறது என்பது. சூரியச் செயல்பாடு ஏறத்தாழ பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைச் சூரியச் சுழற்சி என்கிறோம். அது இவ்விரண்டையும் மாற்றுகிறது, அதுவும் எதிரெதிர்த் திசைகளில். போதாக்குறைக்கு, அணுக்கள் குறைவதும் எல்லா உயரத்திலும் ஒரேபோல் நடப்பதில்லை. கீழே குறைகிறது, வெகு உயரத்தில் கூடுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒளியைப் பற்றி. புவியின் வளிமண்டலம் வெளியே போகப் போக இலேசான அணுக்களால் ஆனதாக மாறுகிறது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. எறிந்த கல்லைப் போல ஒவ்வோர் அணுவும் தன் பாதையில் ஏறி, இறங்கி, அல்லது ஒரேயடியாக வெளியேறிப் போகிறது. இந்தப் புறவளி மண்டலத்தின் வெளிப்பகுதி முழுவதும் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். அது சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி மீண்டும் உமிழ்வதால் புவியைச் சுற்றி ஓர் ஒளியுறை உண்டாகிறது. அதற்கு ஜியோகொரோனா என்று பெயர்.

அதை முதன்முதலில் நிலவிலிருந்து படமெடுத்தது 1972 ஏப்ரலில், அப்பல்லோ 16 பயணத்தின்போது. ஜார்ஜ் கரதர்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வடிவமைத்த சேய்மைப் புற ஊதாக் கேமராவை விண்வெளி வீரர்கள் நிலவின் தரையில் நிறுவினார்கள். அந்தப் படங்களில் புவியைச் சூழ்ந்து ஒளிரும் உறை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் உறையின் வெளி எல்லை அந்தப் படச்சட்டத்துக்குள் அடங்கவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தில் உள்ள ஸ்வான் கருவி 1996க்கும் 1998க்கும் இடையில் எடுத்த அளவீடுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, இந்த உறை குறைந்தது 6,30,000 கிலோமீட்டர் வரை பரவியிருப்பதாகக் காட்டியது. நிலவு இருப்பது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில். அதாவது கரதர்ஸின் கேமரா ஜியோகொரோனாவுக்கு உள்ளே நின்றுகொண்டு அதைப் படமெடுத்திருக்கிறது! நிலவின் தொலைவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுகூடக் கிடையாது, ஏறத்தாழ 0.2 என்ற அளவுதான். அவ்வளவு மெல்லிய வாயுவும் ஒளிர்கிறது என்பதே வியப்பு.

இந்த உறை பல நிறங்களில் ஒளிர்ந்தாலும் இரண்டு கோடுகள்தான், அதாவது குறிப்பிட்ட இரண்டு அலைநீளங்களில் வரும் ஒளிதான், நமக்கு முக்கியம். ஒன்று 121.6 நானோமீட்டரில் உள்ள லைமன்-ஆல்ஃபா. மிகவும் பிரகாசமானது, ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை உறிஞ்சிவிடுவதால் தரைக்கு வருவதில்லை. அதைப் பார்க்க ராக்கெட்டோ செயற்கைக்கோளோ வேண்டும். மற்றொன்று 656.3 நானோமீட்டரில் உள்ள சிவப்பு நிறப் பால்மர்-ஆல்ஃபா. இது தரை வரை வரும். சூரியனின் 102.6 நானோமீட்டர் லைமன்-பீட்டா ஒளியை உறிஞ்சிய ஹைட்ரஜன் அணு மூன்றாம் ஆற்றல் நிலைக்கு ஏறுகிறது. பெரும்பாலான அணுக்கள் அதே லைமன்-பீட்டாவை உமிழ்ந்துவிட்டு நேரே அடிநிலைக்குத் திரும்புகின்றன. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மட்டும் இரண்டாம் நிலைக்கு இறங்கி, வழியில் சிவப்பு ஒளியை விடுகின்றன. ஆகவே தரையிலிருந்து பால்மர்-ஆல்ஃபாவைப் பார்ப்பவர் உண்மையில் அளப்பது, சூரியனின் லைமன்-பீட்டா ஒளியையும் ஹைட்ரஜனையும் சேர்த்துத்தான். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இங்குத் திரும்பி வர வேண்டும்.

இனி ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். கீழ் வளிமண்டலத்தில் நீராவியிலும் மீத்தேனிலும் மூலக்கூறு ஹைட்ரஜனிலும் அது அடங்கியிருக்கிறது. நீராவியில் பெரும்பகுதி, கீழ் வளிமண்டலத்துக்கும் அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்துக்கும் இடையிலுள்ள குளிர்ந்த பகுதியைத் தாண்டுமுன்பே உறைந்து விழுந்துவிடுகிறது. அடுக்கு மண்டலத்துக்குள் நுழையும் நீராவி பத்து லட்சத்தில் சில பங்குகளே. மீத்தேனுக்கு அந்தத் தடை இல்லை. அது உறையாமல் மேலே போய் ஆக்சிஜனேற்றம் அடைந்து அங்கே நீராவியாகிறது. எந்த உருவில் மேலே போனாலும் சூரிய ஒளியும் வேதிவினைகளும் கடைசியில் அதைத் தனி ஹைட்ரஜன் அணுக்களாக உடைத்துவிடுகின்றன. பிறகு அந்த அணுக்கள் ஊடுபரவி மேலே ஏறுகின்றன.

இங்கேதான் 1973இல் வளிமண்டல அறிவியலாளர் டொனால்ட் ஹன்டன் தெளிவுபடுத்திய கருத்து வருகிறது. ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் வேகத்தைத் தீர்மானிப்பது மேல் எல்லையில் உள்ள வெப்பநிலை அல்ல. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் கனமான காற்றின் ஊடே அது மேலேறி வரும் வேகமே. கீழிருந்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியேறியாக வேண்டும். இந்த வரத்து நொடிக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. பதினோர் ஆண்டுச் சூரியச் சுழற்சி இந்த வரத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது அடுக்கு மண்டலத்தில் இருக்கும் நீராவியும் மீத்தேனும்.

ஒரு தொட்டியில் மேலிருந்து ஒரே அளவில் நீர் விழுந்துகொண்டே இருக்கிறது, அடியில் ஒரு துளை வழியே வெளியேறுகிறது என்று கொள்ளுங்கள். துளை பெரிதானால் நீர்மட்டம் இறங்கும். சிறிதானால் மட்டம் ஏறி, அழுத்தம் கூடி, பழைய அளவு நீரே வெளியேறும். வெளியேறும் அளவு மாறவில்லை, தேங்கி நிற்கும் அளவுதான் மாறுகிறது. சூரியச் சுழற்சி செய்வது அந்தத் துளையைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தான்.

எப்படி என்று கேட்டால், சூரியனின் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுழற்சியோடு மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கும் அதிதீவிரப் புற ஊதாக் கதிர் இரண்டு மூன்று மடங்கு மாறுகிறது. எக்ஸ் கதிர்கள் அதைவிடப் பல மடங்கு. சூரியச் செயல்பாட்டைக் குறிக்க 10.7 சென்டிமீட்டர் ரேடியோ அலையின் வலிமையைப் பயன்படுத்துவது வழக்கம். 1947 முதல் கனடாவில் தொடர்ந்து அளக்கப்பட்டு வரும் இந்த எண், அமைதியான ஆண்டுகளில் 70ஐ ஒட்டியும் உச்ச ஆண்டுகளில் 200ஐத் தாண்டியும் நிற்கும். அதற்கேற்ப மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலை செயல்பாடு மிகக் குறைந்திருக்கும் சிறும ஆண்டுகளில் சுமார் 700 கெல்வின், உச்ச ஆண்டுகளில் 1,200 கெல்வின், சில சமயம் அதற்கு மேலும் போகும்.

இந்த வேறுபாடு ஹைட்ரஜனுக்கு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 500 கிலோமீட்டர் உயரத்தில் விடுபடு வேகம், அதாவது புவியின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம், நொடிக்குச் சுமார் 10.8 கிலோமீட்டர். 1,000 கெல்வினில் ஒரு ஹைட்ரஜன் அணுவின் மிகச் சாத்தியமான வேகம் சுமார் 4.1 கிலோமீட்டர்தான். ஆகவே வேகப் பரவலின் வாலில் இருக்கும், அதாவது மற்றவற்றைவிட மிக வேகமாக ஓடும், சில அணுக்கள் மட்டுமே தப்ப முடியும். வாலில் இருப்பவற்றின் எண்ணிக்கை வெப்பநிலையோடு அடுக்குக்குறி முறையில் மாறும். 700 கெல்வினிலிருந்து 1,000 கெல்வினுக்குப் போனாலே, அதே எண்ணிக்கையுள்ள அணுக்களிலிருந்து தப்பும் விகிதம் சுமார் 18 மடங்காகிறது. 1,200 கெல்வினில் அது 50 மடங்கைத் தாண்டும். எடை அதிகமான ஆக்சிஜன் அணுவுக்கு இந்த வழியே கிடையாது. ஹைட்ரஜனின் இலேசான உடல்தான் அதை வெப்பநிலை மாற்றத்துக்கு இவ்வளவு உணர்திறன் உள்ளதாக ஆக்குகிறது.

அப்படியானால் சிறும ஆண்டில் ஹைட்ரஜன் 18 மடங்கோ 50 மடங்கோ தேங்கிவிடுமா? இல்லை. உண்மையில் மாற்றம் சில மடங்குகளோடு நின்றுவிடுகிறது. காரணம், வெளியேற இன்னொரு கதவு இருக்கிறது. புவியின் காந்தப்புலத்தில் சிக்கியுள்ள பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டமுள்ள துகள்களால் ஆன வாயுவில், சூடான புரோட்டான்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு சாதாரண ஹைட்ரஜன் அணு அப்படிப்பட்ட புரோட்டானிடம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால், வேகமான புரோட்டான் வேகமான நடுநிலை அணுவாகிறது. இனி காந்தப்புலம் அதைப் பிடித்து வைக்க முடியாது. அது வெளியே பறந்துவிடும். மின்னூட்டப் பரிமாற்றம் எனப்படும் இந்த வழி மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஆகவே சூரியன் அமைதியாக இருக்கும்போது வெப்ப வழி சுருங்கிவிட, இதுவே முதன்மை வழியாகிறது. உச்சத்தில் வெப்ப வழி பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து மொத்த வெளியேற்றத்தைச் சுழற்சி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கின்றன. துருவப் பகுதிகளில் காந்தப்புலக் கோடுகள் வழியே புரோட்டான்கள் வெளியேறும் துருவக் காற்றுக்கும் இதில் பங்குண்டு.

இதுவரை சொன்னது கேள்வியின் முதல் பாதி. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் அடர்த்தி சூரிய உச்சத்தில் குறைவு, சிறுமத்தில் அதிகம். முதலில் படித்தது சரி.

இனி ஒளியின் பாதி. சூரியனின் லைமன்-ஆல்ஃபா ஒளி சிறுமத்திலிருந்து உச்சத்துக்குப் போகையில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. லைமன்-பீட்டா ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதாவது ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் முன்பைவிட இரண்டு மடங்கு அடிக்கடி தூண்டப்படுகிறது. இதோடு உயர அமைப்பும் மாறுகிறது. ஒரு வாயுவின் அடர்த்தி எவ்வளவு உயரம் ஏறினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகும் என்பதை அளவு உயரம் என்பார்கள். அது வெப்பநிலைக்கு நேர்விகிதம். 500 கிலோமீட்டரை ஒட்டிய ஹைட்ரஜனுக்கு 700 கெல்வினில் அது சுமார் 690 கிலோமீட்டர். 1,200 கெல்வினில் சுமார் 1,180 கிலோமீட்டர். சூடான ஆண்டுகளில் 500 கிலோமீட்டரை ஒட்டிய அடித்தளத்தில் அணுக்கள் குறைவு, ஆனால் அவை மிக உயரத்துக்கு விரிந்து கிடக்கின்றன.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அடித்தள அடர்த்தி உச்சத்தில் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு உயரம் 1.7 மடங்காகிறது. எனவே மேலே உள்ள மொத்த அணுக்கள் 0.85 மடங்கு. தூண்டும் ஒளி இரண்டு மடங்கு. பெருக்கினால் ஒளி 1.7 மடங்கு. அடர்த்தி பாதியாக இல்லாமல் மூன்றில் ஒரு பங்காகிறது என்றால் ஒளி 1.1 மடங்கைச் சற்றே தாண்டும். உண்மையான புறவளி மண்டலம் இவ்வளவு எளிதல்ல. ஈர்ப்பு உயரத்தோடு குறைகிறது, அணுக்கள் மோதாமல் நீள்வட்டங்களில் பறக்கின்றன, ஒளி பலமுறை சிதறுகிறது. இருந்தாலும் இந்தச் சிறு கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறது: அணுக்கள் குறைந்தும் ஒளி கூடுவதில் முரண் எதுவும் இல்லை. எவ்வளவு கூடும் என்பதுதான் அளந்து அறிய வேண்டியது.

அதை நன்றாக அளந்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர். அவர்களுடைய வாம் என்ற கருவி ஃபேப்ரி-பெரோ வகைக் குறுக்கீட்டுமானி, அதாவது ஒளியை அலைநீள வாரியாக மிக நுட்பமாகப் பிரித்து அளக்கும் கருவி. அதைக் கட்டியது புவிக்காக அல்ல. நம் பால்வெளியில் விண்மீன்களுக்கிடையே பரவியுள்ள ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளியை வானம் முழுவதும் வரைபடமாக்குவதற்காக. 1997 முதல் அரிசோனாவின் கிட் பீக்கில் இயங்கிய அது, 2009இல் சிலியின் செர்ரோ டொலோலோவுக்கு மாற்றப்பட்டது. வானியலாளருக்குப் பால்வெளியின் ஒளி வேண்டும். புவியின் ஹைட்ரஜன் ஒளி அதன் மேல் விழும் இடையூறு. ஆனால் நீக்கப்பட வேண்டிய அந்த இடையூறே வளிமண்டல ஆய்வாளருக்குப் புதையல். இரண்டையும் பிரிக்க, ஒளிமூலமும் பார்ப்பவரும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நகரும்போது அலைநீளம் சற்று மாறும் டாப்ளர் விளைவு உதவுகிறது. புவி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், பால்வெளியின் கோடு ஆண்டின் பெரும்பகுதியில் சற்றே விலகி நிற்கும். புவியின் கோடோ தன் இடத்திலேயே நிற்கும், அகலமும் குறைவு.

அளக்கப்படும் ஒளி எவ்வளவு மங்கல் தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வான்பத்தி நொடிக்குப் பத்து லட்சம் ஃபோட்டான்களை எல்லாத் திசைகளிலும் சேர்த்து உமிழ்ந்தால் அது ஒரு ரேலி. இரவு வானில் புவியின் பால்மர்-ஆல்ஃபா சில ரேலிகளிலிருந்து பத்து ரேலி வரைதான் இருக்கும். கண்ணால் காண வழியே இல்லை.

இங்கே நிழல் உயரம் என்ற ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஒப்பீடும் தவறாகிவிடும். இரவில் நாம் புவியின் நிழலுக்குள் நின்று மேலே பார்க்கிறோம். பார்வைக் கோடு நிழலைவிட்டு வெளியேறும் உயரத்துக்கு மேலே உள்ள அணுக்களே நேரடியாகச் சூரிய ஒளியைப் பெறுகின்றன. அந்தி வேளையில் நிழல் உயரம் சில நூறு கிலோமீட்டர். நள்ளிரவில் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையை நோக்கினால் பல்லாயிரம் கிலோமீட்டர். அதற்கேற்ப ஒளியும் குறைந்துகொண்டே போகும். ஆகவே 2001இல் அந்தியில் எடுத்ததை 2008இல் நள்ளிரவில் எடுத்ததோடு ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே நிழல் உயரத்தில் எடுத்த அளவுகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அப்படி வைத்துப் பார்த்தபோது, 1996 முதல் 2008 வரையிலான 23ஆம் சூரியச் சுழற்சியில் உச்சத்தை ஒட்டிய பால்மர்-ஆல்ஃபா ஒளி, சிறுமத்தில் இருந்ததைவிட 1.5 மடங்கு இருந்தது. பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 0.15. 2012இல் வெளியான ஆய்வு இது. அதைவிடச் சுவையானது அடுத்த படி. அதே ஆய்வில், பரவலாகப் பயன்படும் வளிமண்டல மாதிரி ஒன்று தரும் ஹைட்ரஜன் அளவை வைத்து, வர வேண்டிய ஒளியைக் கணக்கிட்டார்கள். உச்சத்தில் ஒளி கூடும் என்பதை மாதிரியும் ஒத்துக்கொண்டது. ஆனால் அளந்த ஒளி கணக்கிட்டதைவிடப் பிரகாசமாக இருந்தது. மாதிரி தரும் ஹைட்ரஜன் போதவில்லை. உச்ச ஆண்டுகளில் பொருத்தம் சற்று மேலாக இருந்தது. மாதிரியில் விடுபட்டது, புவியைச் செயற்கைக்கோள்போலச் சுற்றிக்கொண்டிருக்கும் அணுக்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். தப்பவும் முடியாமல், இறங்கி வந்து மோதவும் இல்லாமல் சுற்றுப்பாதையில் தங்கிவிட்டவை அவை. மின்னூட்டப் பரிமாற்றத்தால் பிறப்பவை. ஒரு மங்கிய சிவப்புக் கோட்டின் பிரகாசத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் சுற்றுப்பாதையைப் பற்றிக் கேள்வி எழுப்ப முடிகிறதே, அதுதான் இந்தத் துறையின் அழகு.

மேலிருந்து பார்த்தவர்களின் சாட்சியும் ஒத்துப்போகிறது. ட்வின்ஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்தின் லைமன்-ஆல்ஃபா உணரிகள் புவியின் மையத்திலிருந்து மூன்று புவி ஆரங்களுக்கு அப்பாலுள்ள ஹைட்ரஜனை அளந்தன. 2008, 2010 ஆகிய அமைதியான ஆண்டுகளை உச்சத்தை நெருங்கிய 2012ஆம் ஆண்டோடு ஒப்பிட்டபோது, உச்சத்தில் அங்கே அடர்த்தி அதிகமாகவும் பரப்பு விரிந்தும் இருந்தது. 500 கிலோமீட்டரில் குறைகிறது, பல்லாயிரம் கிலோமீட்டரில் கூடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். அளவு உயரம் நீள்வதன் நேரடி விளைவு இது. ஆகவே "சூரிய உச்சத்தில் ஹைட்ரஜன் கூடுமா குறையுமா" என்று யாராவது கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது "எந்த உயரத்தில்?" என்பதே.

லைமன்-ஆல்ஃபாவை வைத்து அளப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. புவிக்கு அருகில் ஹைட்ரஜன் இந்தக் கோட்டுக்கு ஒளிபுகாத் திரைபோல இருக்கிறது. ஒரு ஃபோட்டான் பலமுறை சிதறித்தான் வெளியே வரும். அப்படிப்பட்ட இடத்தில் அணுக்கள் இரண்டு மடங்கானாலும் ஒளி இரண்டு மடங்காவதில்லை. மூன்று புவி ஆரங்களுக்கு மேலே வாயு மெலிந்துவிடுவதால் ஒளியும் அணுவும் நேர்விகிதத்தில் நடக்கும். ட்வின்ஸ் குழுவினர் அந்தப் பகுதியோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவே காரணம். சூரியனின் லைமன்-ஆல்ஃபா கோடு அகலமானது, ஏறத்தாழ 0.1 நானோமீட்டர், புவியின் ஹைட்ரஜன் அதன் நட்ட நடுவில் ஒரு மெல்லிய கீற்றை மட்டுமே உறிஞ்சுகிறது. மொத்தக் கோட்டின் வலிமையைத்தான் செயற்கைக்கோள்கள் அன்றாடம் அளக்கின்றன, நமக்கோ வேண்டியது நடுக்கீற்றின் வலிமை. இரண்டும் சுழற்சியோடு ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. பல முடிவுகளில் இருக்கும் ஐயத்தின் பெரும்பங்கு இங்கிருந்தே வருகிறது என்பது என் கருத்து.

பதினோர் ஆண்டுத் தாளம் தவிர வேறு தாளங்களும் இதில் கலந்திருக்கின்றன. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் வரும் 27 நாள் ஏற்ற இறக்கம், பகலைவிட விடியலை ஒட்டிய நேரத்தில் ஹைட்ரஜன் அதிகமாக இருக்கும் அன்றாட மாற்றம், பருவ மாற்றம், காந்தப் புயல்கள். எல்லாமே அதே வெப்பநிலைக் கொள்கையின் சிறு வடிவங்கள் என்று கொள்ளலாம். குளிர்ந்த பக்கத்தில் தேங்கும், சூடான பக்கத்தில் குறையும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடுகிறேன். சுமார் 87 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜனும் ஓசோனும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் மூலக்கூறு உமிழும் அகச்சிவப்பு ஒளியும் சிலசமயம் ஹைட்ரஜன் உமிழ்வு என்றே எழுதப்படுகிறது. அது வேதிவினையால் வரும் ஒளி, சூரிய ஒளியைத் திருப்பி உமிழ்வதால் வருவதல்ல. அதற்கும் சூரியச் சுழற்சியோடு தொடர்பு உண்டு, ஆனால் மேலே சொன்ன விளக்கம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

இதெல்லாம் ஏன் அளக்க வேண்டும் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காந்தப் புயலின்போது புவியைச் சுற்றி உருவாகும் வளைய மின்னோட்டம் தணிவது, அதன் அயனிகள் ஜியோகொரோனாவின் ஹைட்ரஜனோடு மின்னூட்டத்தைப் பரிமாறிக்கொள்வதால்தான். ஹபிள் போன்ற தொலைநோக்கிகள் புற ஊதாவில் பார்க்கும்போது இந்த ஒளியின் ஊடாகத்தான் பார்க்கின்றன. 2025 செப்டம்பரில் நாசா ஏவிய விண்கலம் ஒன்று, சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று ஜியோகொரோனா முழுவதையும் ஒரே பார்வையில் படமெடுப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அதற்குக் கரதர்ஸின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நிலவின் தூரத்தில் நின்று அவருடைய கேமராவால் அடக்க முடியாமல்போன உறையை, அதே பெயரைத் தாங்கிய கலம் இன்னும் பின்னால் சென்று முழுதாகப் பார்க்கப்போகிறது என்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

ஆனால் என் பார்வையில் மிகப் பெரிய காரணம் மீத்தேன். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் நூறு கோடியில் சுமார் 700 பங்காக இருந்த மீத்தேன், இன்று 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மீத்தேன் மூலக்கூறிலும் நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். மீத்தேன் கூடினால் மேல்நோக்கிய ஹைட்ரஜன் வரத்தும் கூட வேண்டும், ஆகவே புறவளி மண்டலத்திலும் ஹைட்ரஜன் கூட வேண்டும். அதே வேளையில் கார்பன் டை ஆக்சைடு, கீழே வெப்பத்தைப் பிடித்து வைத்தாலும், மேலே வெப்பத்தை விண்வெளிக்கு வீசி மேல் வளிமண்டலத்தைக் குளிர்விக்கிறது. குளிர்ந்தால் வெப்ப வழித் தப்பிப்பு சுருங்கும். அதுவும் அடித்தளத்தில் ஹைட்ரஜனைத் தேக்கும். இரண்டு விளைவுகளும் ஒரே திசையில் தள்ளுகின்றன. வெகு உயரத்தில் நடக்கும் ஒரு நீண்டகால மாற்றம், தரையில் நாம் செய்வதன் தடயம்.

அந்த மெல்லிய நீண்டகாலப் போக்கை, ஒன்றரை மடங்கு ஏறி இறங்கும் சூரியச் சுழற்சியின் நடுவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஓர் உச்சத்தில் தொடங்கி அடுத்த சிறுமத்தில் முடியும் அளவீட்டுத் தொடர் ஒளி குறைவதாகக் காட்டும். சிறுமத்தில் தொடங்கி உச்சத்தில் முடிந்தால் கூடுவதாகக் காட்டும். இரண்டும் மீத்தேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனவே சிறுமத்தைச் சிறுமத்தோடும் உச்சத்தை உச்சத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். விஸ்கான்சின் குழுவினர் மூன்று சூரியச் சிறுமங்களின் அளவுகளை ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது இந்த நோக்கத்தோடுதான்.

அதிலும் எளிதில் கடக்க முடியாத தடைகள் இருக்கின்றன. சிறுமங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. 2008இல் சூரியனில் கரும்புள்ளியே இல்லாத நாள்கள் 266. அந்தச் சிறுமத்தின்போது 400 கிலோமீட்டரை ஒட்டிய காற்றின் அடர்த்தி, முந்தைய சிறுமத்தைவிட ஏறத்தாழ 28 விழுக்காடு குறைந்து, அதற்கு முந்தைய நான்கு பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. அப்படிப்பட்ட ஆழமான சிறுமத்தில் ஹைட்ரஜன் கூடியிருந்தால், அது அமைதியான சூரியனால் வந்ததா, மீத்தேனால் வந்ததா என்று பிரிப்பது கடினம். கருவிகளும் மாறிவிடுகின்றன, கண்ணாடியின் பூச்சு மங்குகிறது, உணரி புதிதாகிறது. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, ஒளி மாறாத ஒரு வான்பொருளை அளவுகோலாகக் கொள்வது. வட அமெரிக்க நெபுலா என்று அழைக்கப்படும் என்ஜிசி 7000 அப்படிப்பட்டது. அதன் பால்மர்-ஆல்ஃபா ஒளி பல நூறு ரேலி, மனித ஆயுளில் மாறாதது. கருவி எதுவானாலும் அந்த நெபுலாவின் ஒரே இடத்தைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொண்டால், பத்தாண்டுகள் இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு எண்களை ஒரே வரைபடத்தில் வைக்கலாம். 2019 டிசம்பரில் ஒரு சிறுமம் கடந்துபோனது. அடுத்தது இந்தப் பத்தாண்டின் முடிவை ஒட்டி வரும். அதற்குள் அளவீடுகள் அறுபடாமல் தொடர வேண்டும், அதே நெபுலாவை வைத்தே.